பல்லாவரத்துக் கல்லும் அமெரிக்க மாணவரும்



வெளிநாட்டுக் கல்லூரிப் படிப்பு எப்படியிருக்கும் என்று வாசகர் வட்டத்தார் பேசச் சொன்னார்கள். நான் விமானம் ஏறியதில்லை. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கியவன். ஆனாலும் அந்தப் படிப்பைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில், வட கரோலினாவில், டேவிட்சன் என்றொரு சிறிய கலை, அறிவியல் கல்லூரி. அதன் மாணவர்கள் ஒரு பருவத்துக்குச் சென்னை கிறித்தவக் கல்லூரிக்கு வந்து தங்கிப் படித்ததுண்டு. வேடிக்கையைக் கேளுங்கள்: இரண்டு கல்லூரிக்கும் பிறந்த வருடம் ஒன்றே, 1837. இரண்டையும் தொடங்கியவர்கள் பிரஸ்பிடீரியன் சபையார். நம்முடையது ஜார்ஜ் டவுனில் நூறு வருடம் இருந்துவிட்டு 1937-இல் தாம்பரத்தை ஒட்டிய சேலையூர்க் காட்டுக்குக் குடிவந்தது. பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. இல்லையென்றால் பெற்றவர்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பியிருப்பார்களா, எனக்குச் சந்தேகம்தான்.

அப்படி டேவிட்சனிலிருந்து வந்த மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "பல்லாவரத்தில் அந்தக் கல் கிடைத்த இடம் எது?"

எந்தக் கல்?

1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். ஆதி மனிதன் செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சியே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த ஊரிலேயே வளர்ந்த எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. நான் காமர்ஸ் குரூப். என் கண்ணில் பட்டதெல்லாம் பற்று, வரவு.

சரி, இவர் சரித்திர மாணவராக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை, கெமிஸ்ட்ரி! அங்கே மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எது என்று சொல்ல இரண்டாம் வருடக் கடைசி வரைக்கும் அவகாசம் தருகிறார்களாம். சொன்ன பிறகும் மற்ற வகுப்புகளுக்குக் கதவு அடைபடுவதில்லை. இங்கே பதினைந்து வயதில், பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்துக்கொண்டு, எந்தக் குரூப் என்று முடித்துவிடுகிறோம். மாமாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து முடிப்பதும் உண்டு. (சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது.)

இன்னொன்று. ஃபூட்டும் தொல்லியல்காரர் இல்லை. நிலவியல் ஆய்வுத் துறை ஊழியர். பாறையைப் பார்க்க வேண்டியவர் பாறையோடு நின்றிருந்தால், அந்தக் கோடரி இன்னும் அங்கேதான் கிடந்திருக்கும். அல்லது ரோட்டு ஜல்லியில் கலந்திருக்கும்.

நம் கல்லூரிகளில் நான்-மேஜர் எலெக்டிவ் என்று ஒரு பேப்பர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதை எத்தனை பிள்ளைகள் ஒரு பொருட்டாக மதிக்கிறார்கள், எத்தனை ஆசிரியர்கள் மதிக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.

கல்லூரி நிர்வாகத்தார் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பி.காம். பையன் ஒரு பருவம் முழுக்க சரித்திர வகுப்பில் உட்காரட்டும். அந்த மார்க்கை அவன் பட்டத்தில் சேருங்கள். இதற்கு விசாவும் வேண்டாம், டாலரும் வேண்டாம். அடுத்த ஜூனிலேயே செய்யலாம்.