அறிகுறி இல்லாத ரத்தக்கொதிப்பு

உடையார்பாளையம் பக்கம் முந்திரிக்காட்டில் நாளெல்லாம் வேலை செய்பவரிடம் ரத்த அழுத்தம் பார்த்தீர்களா என்று கேட்டால், "உழைக்கிற உடம்புக்கு என்ன வரும்?" என்பார். உழைப்பு நல்லதுதான், ஆனால் அது மட்டுமே காப்பாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், இந்தியப் பெரியவர்களில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. பெரும்பாலும் இது வலிக்காது, தலைகூடச் சுற்றாது. சத்தமில்லாமல் சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுக்கும். பக்கவாதம் வந்தபிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. ஆகவே உடம்பு சொல்லும் என்று காத்திருப்பது இந்த நோயில் பலிக்காது.

"மாத்திரை தொடங்கினால் விடமுடியாதே" என்கிறார்கள். பலருக்கு அது உண்மைதான். ஆனால் அது மாத்திரை உண்டாக்கிய பழக்கமல்ல, நோயின் இயல்பு. அளவு இறங்கியதும் தானாக நிறுத்துவதில்தான் ஆபத்து. காசும் தடையில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. முப்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஆண்டுக்கொருமுறையாவது ரத்த அழுத்தம் பாருங்கள். கர்ப்பிணிகள் ஒவ்வொரு பரிசோதனையிலும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான். அளப்பதற்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90ஐ எட்டினால் மருத்துவரிடம் போங்கள்.