முதலில் குறை, பிறகு பணம்: 1640-இன் குறும் நாடாளுமன்றத்தார்



1640 ஏப்ரல் 13 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய இங்கிலாந்து நாடாளுமன்றம் மே 5 அன்று கலைக்கப்பட்டது. சட்டம் எதையும் அது நிறைவேற்றவில்லை. மன்னர் முதலாம் சார்லஸ் கேட்ட பணத்தில் ஒரு பென்னிகூடத் தரவில்லை. அதனால் அடுத்து வந்த நெடும் நாடாளுமன்றத்துக்கு முன்னுரைபோல அதைப் பலர் கடந்து போய்விடுகிறார்கள். அது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. அந்த மூன்று வாரத்தை அங்கே உட்கார்ந்தவர்களின் வழியாகப் பார்க்க வேண்டும்.

அவர்களில் வில்லியம் ஸ்ட்ரோடு சில மாதங்களுக்கு முன்புதான் சிறையிலிருந்து வெளியே வந்திருந்தார். 1629 மார்ச் 2 அன்று அவையை ஒத்திவைக்கும்படி மன்னரின் ஆணை வந்தபோது, எழுந்து போக முயன்ற சபாநாயகர் ஜான் ஃபின்ச்சை பெஞ்சமின் வாலன்டைன், டென்சில் ஹோலிஸ் ஆகிய உறுப்பினர்கள் நாற்காலியிலேயே பிடித்து அழுத்தினார்கள். கதவு பூட்டப்பட்டது. உள்ளே கண்டனத் தீர்மானங்கள் முழங்கின. அதற்கு விலையாக ஸ்ட்ரோடும் வாலன்டைனும் ஏறத்தாழ 11 ஆண்டு சிறையில் கிடந்தார்கள். அன்று முன்னின்ற சர் ஜான் எலியட் 1632-இல் லண்டன் கோபுரச் சிறையிலேயே இறந்தார். உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக அவர் மகன் கேட்டும் மன்னர் தரவில்லை. அந்த 11 ஆண்டும் நாடாளுமன்றம் கூட்டப்படவே இல்லை. பிறகு ஸ்ட்ரோடை பியர் ஆல்ஸ்டன் தொகுதி தேர்ந்தெடுத்து அனுப்பியது. புதிய நாடாளுமன்றத்தின் தொடக்க நாளில் மன்னர் சார்பில் உரையாற்றியவர் யார் தெரியுமா? முத்திரைக் காவலராக உயர்ந்திருந்த அதே ஃபின்ச்.

மன்னர் அவையைக் கூட்டியதன் காரணம் ஸ்காட்லாந்துப் போர். தம் விருப்பப்படியான வழிபாட்டு நூலை அந்நாட்டின் மேல் அவர் திணிக்கப் போனதால் கிளர்ச்சி மூண்டது. படைக்குப் பணம் வேண்டும். 'முதலில் பணம் கொடுங்கள், குறைகளைப் பிறகு கேட்கிறேன்' என்பது அவர் நிலை. உறுப்பினர்களோ கவுண்டிகளிலிருந்து மனுக்களைக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். நார்தாம்ப்டன்ஷயர் உள்ளிட்ட கவுண்டிகளின் மனுக்கள் அவையில் படிக்கப்பட்டன. ஏப்ரல் 17 அன்று டாவிஸ்டாக் உறுப்பினர் ஜான் பிம் எழுந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேசினார். நாடாளுமன்ற உரிமை, சமயம், மக்களின் சொத்து என்று மூன்றாக வகுத்து, 11 ஆண்டுக் குறைகளை வரிசையாக எடுத்து வைத்தார். சிதறிக் கிடந்த ஊர்க்குறைகள் ஒரே நாட்டுக்குறையாக உருப்பெற்ற இடம் அந்தப் பேச்சுதான்.

பக்கிங்ஹாம்ஷயர் சார்பில் ஜான் ஹாம்ப்டன் இருந்தார். போர்க்கப்பல் கட்டக் கடலோர ஊர்களில் வாங்கிவந்த கப்பல் பணத்தை உள்நாட்டிலும் வசூலித்தபோது, ஒரு நிலத்துக்கான 20 ஷில்லிங்கைத் தர மறுத்து வழக்காடியவர். 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம் நின்றார்கள். தோற்றார், ஆனால் மற்ற 5 பேரின் தீர்ப்பு நாடெங்கும் பேசப்பட்டது. கேம்பிரிட்ஜ் நகருக்காக ஆலிவர் கிராம்வெல்லும் அந்த அவையில்தான் இருந்தார்.

இவர்களை இன்றைய பொருளில் மக்கள் பிரதிநிதிகள் என்று சொல்லிவிட முடியாது. கவுண்டியில் ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் உள்ளவர்களுக்கே வாக்கு. பெண்கள் கணக்கிலேயே இல்லை. பல சிறுநகரங்களில் பிரபு கைகாட்டியவரே உறுப்பினர். இருந்தும், அனுப்பியவர்களின் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு மன்னரிடம் 'முதலில் இதற்குப் பதில்' என்று கேட்டார்கள். அதனால்தான் அவர்களை மதிக்கிறேன்.

மே 4 அன்று சர் ஹென்றி வேன் மன்னரின் செய்தியைக் கொண்டுவந்தார். கப்பல் பணத்தைக் கைவிடுகிறோம், ஈடாக மூன்றாண்டில் 12 மானிய வரி தர வேண்டும் என்றது அது. ஏறக்குறைய 8,40,000 பவுன். சபாநாயகர் கிளான்வில், கப்பல் பணம் சட்டவிரோதம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஆனாலும் கொடுத்து முடிப்போம் என்றார். உறுப்பினர் எட்வர்ட் ஹைட், தொகையைப் பிறகு பார்க்கலாம், தருவதா வேண்டாமா என்பதை மட்டும் இப்போது முடிவு செய்வோம் என்று நடுவழி காட்டினார். கேட்ட தொகையில் குறைத்தால் மன்னர் ஏற்கமாட்டார் என்று வேன் சொல்லிவிட்டார். மறுநாள் அவை கலைந்தது.

கலைத்த கையோடு சோதனைகள். பிம், ஹாம்ப்டன் ஆகியோரின் காகிதங்களைத் தேடினார்கள். சமயக் குழுவின் தலைவர் ஜான் க்ரூவிடம், குழுவுக்கு வந்த மனுக்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். அவையை நம்பி மக்கள் கொடுத்த காகிதம் அது. மறுத்தார், கோபுரச் சிறைக்குப் போனார். யார் யார் குறை எழுதினார்கள் என்று அரசுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று ஒருவர் சிறை ஏகினார் என்பதை நான் எத்தனை முறை படித்தாலும் மனம் நெகிழ்கிறது.

பணம் இன்றித் தவித்த மன்னர், அந்த ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனியின் மிளகை 63,000 பவுனுக்கு மேல் கடனாக வாங்கி, கைக்காசுக்காக நட்டத்தில் விற்றார். அப்படியும் போதவில்லை. ஸ்காட்லாந்துப் படை வடக்கு இங்கிலாந்துக்குள் நுழைந்ததும் நவம்பர் 3 அன்று மறுபடி அவையைக் கூட்ட வேண்டியதாயிற்று. பிம், ஹாம்ப்டன், கிராம்வெல், ஸ்ட்ரோடு, க்ரூ எல்லாரும் திரும்பி வந்தார்கள். ஃபின்ச் டிசம்பரில் கடல்கடந்து ஓடினார். மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது அவை கூடியாக வேண்டும் என்ற சட்டமும், கப்பல் பணம் செல்லாது என்ற சட்டமும் 1641-இல் நிறைவேறின. அதே ஆண்டு மே மாதம், அவையின் சம்மதமின்றி அவையைக் கலைக்கக்கூடாது என்ற சட்டத்துக்கும் சார்லஸ் ஒப்புதல் தந்தார்.