மசூலிப்பட்டினத்து அச்சுச் சீலை
(திருவிழாச் சிறப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



ஆலய மேடையில் துணியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்காவுக்கு வந்த கப்பல்கள் பெரிதும் சுமந்து வந்தவை துணிப் பொதிகளே. 1512 முதல் 1515 வரையிலான ஆண்டுகளில் தோமே பிரெஸ் என்னும் போர்த்துகீசியர் எழுதிய குறிப்புகளிலும் இவ்வாணிகம் இடம்பெற்றுள்ளது. ஆகவே இது நமக்கு அந்நியமான செய்தியன்று.

அக்கரையின் வடபால், ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டத்தில் உள்ளது மசூலிப்பட்டினம். ஆங்கிலேயர் 1611-ஆம் ஆண்டிலேயே அங்குப் பண்டகசாலை அமைத்தனர். அவ்வூரிலும் அருகிலுள்ள பெடனாவிலும் அச்சிடப்படும் சீலைக்குக் 'கலம்காரி' என்று பெயர். பாரசீகத்தில் 'கலம்' என்றால் எழுதுகோல். காளத்தியில் எழுதுகோலால்தான் வரைகின்றனர். இங்கோ தேக்கு மரத்தில் செதுக்கிய அச்சுக் கட்டையே வேலை செய்கிறது. பெயர் மட்டும் எழுதுகோலின் பெயராகவே நின்றுவிட்டது.

வேலை நடக்கும் முறையைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். முதலில் துணியின் கஞ்சி போக வெளுத்து, கடுக்காய்த் தூளும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்த்து வெயிலில் உலர்த்துவர். பாலில் உள்ள கொழுப்பு, சாயம் பரவாமல் காக்கிறது. இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் ஊற வைத்து எடுத்த புளித்த நீரே கறுப்பு மை. அது கடுக்காயின் துவர்ப்பைத் தொட்டதும் துணியிலேயே கறுக்கிறது.

சிவப்பின் கதைதான் வியப்புக்குரியது. கட்டையால் அச்சிடுவது சிவப்பே அன்று. பிசின் சேர்த்த படிகார நீர். அச்சிட்ட வேளையில் அது கண்ணுக்கு நன்கு புலப்படாது. சில நாள் கழித்து ஓடும் நீரில் அலசி, சாயவேர் இட்ட செப்புக் கொப்பரையில் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டுமே செம்மை பூணும். படிகாரம் படாத இடத்தில் ஒட்டிய சாயத்தைச் சாணநீரும் வெயிலும் போக்கிவிடும். மழைக்காலம் வந்தால் இவ்வேலை தடைப்படுவதற்கும் இதுவே காரணம்.

அந்தச் சாயவேரைத் தமிழில் இம்பூறல் என்பர். சுண்ணாம்புச் சத்துள்ள கடற்கரை மணலில் விளைந்த வேரே சிறந்தது. 1868-ஆம் ஆண்டில் கிரேபே, லீபர்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் அலிசரின் என்ற செஞ்சாயத்தை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினர். அதன்பின் வேர் தோண்டும் தொழில் நலிந்தது. மசூலிப்பட்டினத்துக் கொப்பரைகளிலும் அலிசரின் புகுந்தது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

இன்றைய இடர் வேறு. அதே பூவும் கொடியும் திரை அச்சில், இரசாயனச் சாயத்தில், விரைவில் அச்சிடப்பட்டு, அதே கலம்காரி என்ற பெயரிலேயே கடைக்கு வருகின்றன. பெடனாவிலேயே பலர் அம்முறைக்கு மாறிவிட்டனர். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பல நாள் உழைப்புக்கு உரிய விலையை நாம் கொடுக்க மறுக்கும்போது, வயிற்றுப்பாட்டுக்கு அவர்கள் என்ன செய்வார்கள்? நானும் ஒரு முறை மலிவு விலைக்கு மயங்கி விரிப்பு ஒன்று வாங்கினேன். முதற் சலவையிலேயே வேட்டியெல்லாம் செந்நிறமாயிற்று! அன்று வீட்டில் நான் கேட்ட வசவை இம்மேடையில் சொல்வதற்கில்லை.

வாங்கும்போது கைவிரலளவு இடத்தை உற்று நோக்குங்கள். கட்டையும் கட்டையும் சந்திக்கும் இடத்தில் கோடு சிறிது விலகியிருந்தால் அது கையால் அச்சிட்டதாக இருக்கலாம். எங்கும் பிசகே இல்லையெனில் ஐயம் கொள்ளலாம். கடைக்காரரிடம் கட்டை அச்சா, திரை அச்சா, என்ன சாயம் என்று தயங்காமல் கேளுங்கள். இயற்கைச் சாயம் என்றால் என்றும் மங்காது என எண்ண வேண்டா. மஞ்சள் வெயிலில் மங்கும்; ஆதலின் நிழலில் உலர்த்துங்கள்.