பல்கலைக் கழக ஆட்சியில் ஆசிரியரின் பங்கு

(அலுவலர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)



பல்கலைக் கழகத்தை ஆள வேண்டியவர் யார் என்னும் வினா நம் நாட்டில் புதியதன்று. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தோன்றிய பல்கலைக் கழகங்கள் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே இருந்தன. 1904-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்குக் கற்பிக்கும் உரிமையை அளித்தது. ஆயினும் செனட் உறுப்பினருள் பெரும்பாலோரை நியமனத்தால் நிரப்பி, அரசின் பிடியை இறுக்கியது. விடுதலைக்குப் பின்னர் இராதாகிருஷ்ணன் குழுவும் (1948-49), கோத்தாரி குழுவும் (1964-66) பல்கலைக் கழகத் தன்னாட்சியை வலியுறுத்தின.

இன்று நம் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் பணிகள் பகுக்கப்பட்டுள்ளன. நியமனம், நிதி, சொத்து ஆகியன ஆட்சிக் குழுவின் பொறுப்பு. பாடம், தேர்வு, ஆராய்ச்சி ஆகியன கல்விப் பேரவையின் பொறுப்பு. ஏட்டளவில் இப்பகுப்பு தெளிவானதே. நடைமுறையில் இவ்விரண்டையும் பிரிக்க இயலுமா?

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். புதிய பட்ட வகுப்பொன்றைப் பாடத் திட்டக் குழு வகுக்கிறது. கல்விப் பேரவை ஏற்கிறது. அதற்குரிய ஆசிரியர் பணியிடங்களுக்கு நிதிக் குழு இசையவில்லை. வகுப்போ தொடங்கப்பட்டுவிடுகிறது, தற்காலிக ஆசிரியர்கள் அதனை நடத்துகின்றனர். இரு அவைகளும் தத்தம் கடமையைச் செய்ததாகவே கருதுகின்றன, இழப்பு மாணவனுக்கு.

ஆகவே, கூட்டாட்சி என்பது அவைகளில் சில இடங்களை ஆசிரியருக்கு ஒதுக்குவதோடு நிறைவடைவதில்லை. கல்வி முன்மொழிவுடன் செலவு மதிப்பீடும் ஒருசேர வைக்கப்பட வேண்டும். நிகழ்ச்சி நிரலும் ஆவணங்களும், படித்துச் சிந்திக்கப் போதிய காலம் இருக்கும்போதே உறுப்பினரை அடைய வேண்டும். பேரவையின் பரிந்துரையை ஆட்சிக் குழு ஏற்காவிடில், அதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஆசிரியருக்கும் கடமை உண்டு. தணிக்கைக்கும் நீதிமன்றத்துக்கும் விடையளிக்க வேண்டியவர் பதிவாளர் என்பதை அவர்கள் மறத்தலாகாது. பதவி உயர்வு பற்றிய விவாதத்தில் நிரம்பி வழியும் அவை, பாடத்திட்டம் பற்றிய விவாதத்தில் வெறிச்சோடுமாயின், ஆட்சியில் பங்கு கேட்கும் தகுதி தானே குறைந்துவிடும்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, உயர்கல்வி நிறுவனங்களின் ஆட்சியை ஆளுநர் குழுக்களிடம் ஒப்படைக்க வழிகாட்டுகிறது. எவ்வமைப்பு வரினும், கற்பிப்பவரின் கருத்தைக் கேட்ட பின்னரே கல்வி பற்றிய முடிவு எடுக்கப்படும் என்பதற்கு விதிகளில் உறுதி வேண்டும். அதிகாரியின் நல்லெண்ணத்தை மட்டுமே நம்பி நிற்கும் உரிமை, அவர் மாற்றலாகிச் செல்லும் நாளில் அவருடனேயே சென்றுவிடும்.