மைக் கிடைத்தால் நாலே பேச்சு!



சுப்பிரமணிய சிவா பிறந்த வத்தலக்குண்டு இது. 1908-ல் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் அவரும் பேசினார்கள். கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றார்கள். கேட்டது இன்னதென்று எல்லாருக்கும் விளங்கியது.

நாம என்ன செய்யிறோம்? குறைதீர்க்கும் கூட்டத்தில் மைக் கிடைத்ததும் பாட்டன் காலத்துக் கதையில் ஆரம்பிக்கிறோம். விஷயத்துக்கு வருமுன்னே "அடுத்த ஆள்" என்கிறார்கள்.

இனி நாலே பேச்சு. எந்த ஊர், எந்த மடை? எத்தனை ஏக்கர் காயுது? என்றைக்கு மனுக் கொடுத்தோம்? எந்தத் தேதிக்குள் சரிசெய்வீர்கள்? பதிலை எழுதிக்கொண்டுதான் உட்காருவோம். ஒருத்தர் சொன்னதையே இன்னொருத்தர் சொல்லாமல், விட்டதைச் சொல்லுவோம்.

பேச்சைச் சுருக்குவோம்! தண்ணீரைப் பெறுவோம்!