அரங்கேறாத ஒத்திகை

(உட்லண்ட்ஸில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மொழி வளர்ச்சிக்கென அமைந்த இச்சொற்பொழிவு வரிசையில், மைக்கேல் ஜாக்சனைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னபோது, அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். சிலப்பதிகாரமும் வரும் என்று உறுதியளித்த பிறகே இசைந்தார்கள். அவ்வுறுதியைக் காப்பாற்றுவேன்.

இவ்வரங்கிலிருந்து நடந்து போகும் தொலைவில் காஸ்வே பாயிண்ட் கடைத்தொகுதி இருக்கிறது. அதன் மேல்தளத் திரையரங்கில், 2009ஆம் ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை, உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்த என் மகளின் வற்புறுத்தலால் ஒரு படம் பார்த்தேன். 'திஸ் இஸ் இட்' என்பது அதன் பெயர். பாட்டும் ஆட்டமும் நிறைந்த கேளிக்கைப் படம் என்று எண்ணியே உள்ளே சென்றேன். வெளியே வந்தபோது மகள் பாடல்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எனக்கோ, அவ்வாண்டு ஏப்ரலில் என் வகுப்பில் நடந்த ஒன்று நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் படத்தின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். மாணவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கமாட்டீர்கள். 2009 ஜூலை 13ஆம் நாள் தொடங்கி லண்டன் ஓ2 அரங்கில் மைக்கேல் ஜாக்சன் 50 நிகழ்ச்சிகள் நடத்துவதாக இருந்தது. முதலில் அறிவிக்கப்பட்டவை 10தாம். சீட்டுக்கு எழுந்த போட்டியில் அது 50 ஆயிற்று. ஏப்ரல் முதல் ஜூன் வரை லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒத்திகை நடந்தது. ஜூன் 25ஆம் நாள், தம் ஐம்பதாம் வயதில், அவர் இறந்தார். ஒரு நிகழ்ச்சியும் அரங்கேறவில்லை. எஞ்சியது, நூறு மணி நேரத்திற்கும் மேலான ஒத்திகைப் பதிவு. அவருடைய சொந்தச் சேமிப்புக்காகவும் மேடைத் திரையில் காட்டுவதற்காகவும் எடுக்கப்பட்ட அப்பதிவுகளை, நிகழ்ச்சியின் இயக்குநர் கென்னி ஒர்டேகாவே ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படமாகத் தொகுத்தார். அக்டோபர் 28ஆம் நாள் அது வெளிவந்தது. இரண்டு வாரம் மட்டுமே என்று அறிவித்துப் பின்னர் நீட்டித்தார்கள். 25 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் வசூலாயிற்று.

உலகம் அவரைப் பிழையற்ற ஆட்டக்காரராகவே அறியும். இப்படத்தில் அவர் பாதிக் குரலில் பாடுகிறார். கையை முழுதும் வீசாமல், வீசவேண்டிய இடத்தைக் குறித்துக் காட்டிவிட்டு நகர்கிறார். ஒரே பாட்டுக்குள் அவருடைய மேல்சட்டை மாறிக்கொண்டே இருக்கிறது. வெவ்வேறு நாள் ஒத்திகைகளை ஒட்டித் தைத்திருக்கிறார்கள். தையல் வெளியே தெரிகிறது. அதை மறைக்காமல் விட்டது எனக்குப் பிடித்திருந்தது.

பெண் பாடகியுடன் சேர்ந்து ஓர் இணைப்பாடலை ஒத்திகை பார்க்கிறார். தொடக்கத்தில் குரலைச் சேமித்தே பாடுகிறார். எதிரில் நின்று பாடும் ஜூடித் ஹில் முழுக்குரல் எடுக்க, இவரும் தம்மை மறந்து எடுத்துவிடுகிறார். கீழே நிற்கும் ஆட்டக் கலைஞர்கள் ஆரவாரம் செய்கிறார்கள். பாட்டு முடிந்ததும், தொண்டையைக் காக்கவேண்டிய வேளையில் என்னை இப்படிப் பாடவைக்கலாமா என்று செல்லமாகக் கடிந்துகொள்கிறார்.

மற்றோரிடத்தில், காதில் பொருத்திய ஒலிக்கருவி அவருக்குத் தொல்லை தருகிறது. யாரோ காதுக்குள் முட்டியைத் திணிப்பதுபோல் இருக்கிறது என்கிறார். சொன்ன கையோடு, இதைச் சினத்தால் அன்று, அன்பால் சொல்கிறேன் என்று சேர்க்கிறார். இசை இயக்குநர் மைக்கல் பேர்டன் ஒரு பாட்டின் தொடக்கத்தை விரைந்து வாசிக்க, படுக்கையை விட்டு எழ மனமில்லாதவன் உடலை இழுத்துக்கொண்டு வருவதுபோல அது வரவேண்டும் என்று விளக்குகிறார். தாளக்கணக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஓர் உவமை சொன்னார், அவ்வளவே. வாசிப்பவர்க்கு விளங்கிவிடுகிறது. கிட்டார் வாசிக்கும் 24 வயது ஒரியாந்தியிடம், அந்த உச்சத் தொனியை இன்னும் நீட்டு, இது நீ ஒளிரவேண்டிய இடம் என்று சொல்லி, தாம் பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறார். உலகின் பெரும்புகழ் பெற்ற மனிதர் ஒதுங்கி நிற்கும் அக்காட்சியை ஆசிரியப் பயிற்சியில் காட்டலாம்.

இனிச் சிலப்பதிகாரம். அரங்கேற்று காதையை நாம் மாதவியின் ஆடற்சிறப்புக்காகப் படிக்கிறோம். ஆயினும் அக்காதையில் இளங்கோவடிகள் ஆட்டத்திற்கு முன்னுள்ளவற்றுக்கே பேரிடம் தருகிறார். ஐந்து வயதில் தொடங்கிய பயிற்சி ஏழாண்டுகள் நடந்து, பன்னிரண்டாம் வயதில் அவள் அரங்கேறுகிறாள். அதற்கிடையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடலாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் தகுதியும் விரிவாக வருகிறது. பிறகு அரங்கின் அளவு: அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். மூவகைத் திரைகள். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைத்த செய்தியைக்கூட விடவில்லை. காவியம் எழுதுகிறவருக்குத் தூண் நிழலைப் பற்றி என்ன கவலை என்று மாணவனாக இருந்தபோது நினைத்திருக்கிறேன். ஓர் ஒத்திகை முழுவதையும் பார்த்தவர்க்கே அந்நிழல் கண்ணில் படும் என்று, இப்படம் பார்த்த பிறகு தோன்றியது.

ஆனால் ஒன்றை இளங்கோவடிகள் காட்டவில்லை. அவ்வேழாண்டுகளில் மாதவி எத்தனை முறை தாளம் தப்பினாள், எந்த ஆசிரியன் முகம் சுளித்தான், எத்தனை நாள் அழுதாள் என்பவை அங்கே இல்லை. காவியத்தில் பயிற்சி உண்டு, பிழை இல்லை.

'ஒத்திகை' என்று நமக்கொரு சொல் இருக்கிறது. ஒத்துப் பார்த்தல், ஒத்துப் போதல், ஒத்து ஊதுதல் ஆகியவை அதன் அருகே ஒலிப்பதைக் கேளுங்கள். நாகசுரக் கச்சேரியில் ஒத்து என்னும் கருவி ஒரே சுருதியை விடாது தந்துகொண்டிருக்கும். கேட்போர் அதனைக் கவனிப்பதில்லை, நின்றால்தான் தெரியும். சொற்பிறப்பு ஆராய்ச்சியாக இதைச் சொல்லவில்லை. என் காதுக்குப் பட்ட உறவாகச் சொல்கிறேன். நானோ என் வகுப்பில், ஒத்திகையைத் தேர்வு என்று நினைத்து நடத்திக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் நிகழ்வுக்கு வருகிறேன். தமிழ்மொழி விழாவுக்காக மாணவர்கள் ஒரு நாடகம் ஆயத்தம் செய்தார்கள். தலைமைப் பாத்திரத்துக்கு, வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசும் ஒரு மாணவி தானாக முன்வந்தாள். குரல் நல்ல குரல். நடிப்பும் இயல்பாக வந்தது. ழகரம் மட்டும் வரவில்லை. நான் ஒவ்வொரு ழகரத்திலும் நிறுத்தினேன். 'பழக்கம்' என்ற ஒரு சொல்லைப் பதினோரு முறை சொல்ல வைத்தேன். எண்ணிக்கை எனக்கு எப்படித் தெரியும் என்றால், மற்ற மாணவர்கள் உரக்க எண்ணினார்கள். நான் அவர்களைத் தடுக்கவில்லை. நான்காம் ஒத்திகைக்கு அவள் வரவில்லை. "தேர்வுக்குப் படிக்கணும் சார்" என்றாள். நானும் நம்பியதுபோல் தலையசைத்தேன்.

ழகரம் முக்கியமில்லை என்று நான் சொல்லமாட்டேன். அதை விட்டுக்கொடுக்கிற ஆசிரியனும் நான் அல்லன். முதல் ஒத்திகையிலேயே, தோழர்கள் முன்னிலையில், வாக்கியம் முடியும் முன்பே அதைக் கேட்டேனே, அதுதான் உறுத்துகிறது. ஐம்பது வயதில் ஒருவர், தம் பாட்டையே, பாதிக் குரலில் பாடிப் பார்க்கும் உரிமையுடன் நின்றார். பதினைந்து வயதுச் சிறுமிக்கு அவ்வுரிமையை நான் தரவில்லை. நம் மாணவர்கள் தமிழில் பேசத் தயங்குவதற்குக் காரணங்களைக் கருத்தரங்குகளில் அடுக்குகிறோம்: வீட்டுமொழி, ஊடகம், நேரமின்மை. பாதிக் குரலில் தமிழ் பேசிப் பார்க்க அவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

இப்படத்தை நான் முழுதும் நம்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும். திரையில் நாம் காணும் மனிதர் உற்சாகமாக இருக்கிறார். ஆனால் ஜூன் 19ஆம் நாள் அவர் ஒத்திகை செய்ய இயலாத நிலையில் வந்ததையும், அன்று வீடு திரும்பியதையும் ஒர்டேகாவே 2011இல் நீதிமன்றச் சாட்சியத்தில் சொன்னார். அறுவைக்கு முன் மயக்கமூட்டப் பயன்படும் புரோப்போஃபால் என்னும் மருந்தே இறப்புக்குக் காரணம் என அறியப்பட்டது. அவருடைய மருத்துவர் குற்றவாளி என்று அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பாயிற்று. அந்நாள் படத்தில் இல்லை. பிழையைக் காட்டிய தொகுப்பு, நோவைக் காட்டவில்லை. தம் பாதிக் குரலை ஊரார் கேட்க அவர் இசைந்திருப்பாரா என்ற வினாவுக்கும் விடையில்லை. சீட்டு வாங்கிப் பார்த்து, அதிலிருந்து பாடமும் படித்துக்கொண்ட எனக்கு அவ்வினாவை எழுப்பத் தகுதி குறைவுதான்.

இவ்விடத்தில் என் மைத்துனர் நினைவு வருகிறது. 1993 ஆகஸ்ட் 29இல் ஜாக்சன் நம் பழைய தேசிய விளையாட்டரங்கத்தில் பாடினார். அன்று அவருக்கு 35ஆம் பிறந்தநாள். மைத்துனர் வாங்கியிருந்தது மறுநாள் சீட்டு. மேடையேறும் முன்பே ஜாக்சன் மயங்கி விழ, நிகழ்ச்சி செப்டம்பர் 1க்குத் தள்ளிப்போயிற்று. கூட்டத்தோடு கூட்டமாகச் சலித்துக்கொண்டு வீடு திரும்பியதையும், அந்த மனிதருக்கு என்னவாயிற்று என்று அன்றிரவு ஒருமுறைகூட நினைக்காததையும் அவர் படம் வந்த பிறகு என்னிடம் சொன்னார்.

அடுத்த ஆண்டு நாடகத்துக்கு நான் இரண்டு மாற்றங்கள் செய்தேன். முதல் மூன்று ஒத்திகைகளில் எவரையும் இடையில் நிறுத்துவதில்லை. குறித்துக்கொண்டு, பின்னர்த் தனியே சொல்வது. எண்ணுகிறவர்களை வெளியே அனுப்புவது. அந்த மாணவியைத் தேடிச் சென்று, தவறு என்னுடையது என்றேன். அவள் சிரித்தாள். நடிக்க மட்டும் இசையவில்லை. விளக்குப் பொறுப்பைக் கேட்டாள், கொடுத்தேன். கடைசி ஒத்திகையன்று, அட்டையில் செய்த மரத்தின் நிழல் நடிகன் முகத்தில் விழுகிறது என்று அவளே கண்டு, ஏணியில் ஏறி விளக்கைத் திருப்பினாள். திருப்பியபடியே கீழே நின்ற என்னிடம், "சார், இப்போ நிழல் விழுதா?" என்று கேட்டாள். ழகரம் சற்று வழுக்கித்தான் வந்தது. விழவில்லை அம்மா என்றேன்.