சஞ்சீவ் குமாரும் ஸாத்விக அபிநயமும்

(கிளைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரை)

சினிமாவைப் பற்றிப் பேச வந்தவன் நாட்டிய சாஸ்திரத்தில் ஆரம்பிக்கிறேனே என்று கவலைப்பட வேண்டாம். டிபன் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

பரத முனிவர் அபிநயத்தை நான்காகப் பிரித்தார். அங்கங்களால் செய்வது ஆங்கிகம். பேச்சால் செய்வது வாசிகம். வேஷமும் ஒப்பனையும் ஆஹார்யம். உள்ளே எழும் உணர்ச்சி உடம்பில் தெரிவது ஸாத்விகம். முதல் மூன்றையும் பார்த்துக் கைதட்டுகிறோம். நான்காவதைப் பார்க்கும்போது கைதட்ட மறந்துபோகிறோம்.

நம்மில் பலர் சிவாஜி கணேசனின் வசனத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். 1964-ல் ‘நவராத்திரி’யில் அவர் ஏற்ற ஒன்பது வேஷங்களை, 1974-ல் ‘நயா தின் நயி ராத்’ என்ற ஹிந்திப் படத்தில் ஏற்றவர் சஞ்சீவ் குமார். இயற்பெயர் ஹரிஹர் ஜரிவாலா, குஜராத்திக்காரர். ஒன்பது வேஷம் பெரிய விஷயம்தான். ஆனால் நான் அவருக்கு ரசிகனானது வேறு இரண்டு படங்களால்.

ஒன்று, குல்ஸார் இயக்கிய ‘கோஷிஷ்’ (1972). கணவன், மனைவி இருவருக்குமே காது கேட்காது, பேச வராது. வாசிகம் அடியோடு போயிற்று! பிறந்த குழந்தைக்காவது காது கேட்கிறதா என்று கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்க்கிறார்கள். குழந்தை திரும்பவில்லை. தகப்பன் முகத்தில் அப்போது தெரியும் கலக்கத்துக்கு எந்த வசனகர்த்தாவாலும் வசனம் எழுத முடியாது. கடைசியில் பார்த்தால், கிலுகிலுப்பைக்குள் மணியே இல்லை. அது ஆட்டுகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வரும் இடம் அது. அந்தப் படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. 1977-ல் கமல் ஹாசனும் சுஜாதாவும் நடிக்க, ‘உயர்ந்தவர்கள்’ என்று அது தமிழிலும் வந்தது.

இன்னொன்று, 1975-ல் வந்த ‘ஷோலே’. இங்கே பேச்சு உண்டு, கைகள் இல்லை. ஆங்கிகத்தில் பாதி போயிற்று. ஹோலியன்று கொள்ளைக்காரர்கள் ஊரில் புகுந்துவிட, துப்பாக்கி டாக்கூரின் காலடியிலேயே கிடக்கிறது. அவர் அதைப் பார்க்கிறார், எடுக்கவில்லை. ஏன் என்று நமக்கு அப்போது தெரியாது. பிறகு சால்வை நழுவும்போது புரிகிறது. புரிந்தபின் அந்தப் பார்வையை இன்னொரு தரம் பாருங்கள், நெஞ்சு கனக்கும். ஸாத்விக பாவங்கள் எட்டில் முதலாவது ஸ்தம்பம், அதாவது அசைவற்று நிற்பது. அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஜயா பாதுரிக்கு ‘பரிச்சய்’ படத்தில் அவர் அப்பா, ‘கோஷிஷ்’ படத்தில் கணவர், ‘ஷோலே’யில் மாமனார். மூன்றையும் நாம் நம்பினோம். இத்தனைக்கும் ‘ஷோலே’ வந்தபோது அவருக்கு வயது 37. 1985 நவம்பரில், 47 வயதில் காலமானார். நரைத்த தலையோடு அத்தனை படங்களில் வந்தவர் நிஜ வாழ்க்கையில் முதுமையைப் பார்க்கவே இல்லை.

“அழுகைப் படமா? வேண்டாம்” என்கிறார்கள் இளைஞர்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். என் தாயாருக்குக் கடைசி வருஷங்களில் காது கேட்கவில்லை. தமிழைத் தவிர வேறு பாஷையும் தெரியாது. வடக்கே எங்களோடு இருந்த அவருக்கு டி.வி. வெறும் பொம்மலாட்டம். ‘கோஷிஷ்’ ஓடிய அன்று மட்டும் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. கிலுகிலுப்பைக் காட்சியில் எங்களுக்கு முன்பாக அவர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாயால் சொல்ல முடியாததை முகம் பார்த்துத் தெரிந்துகொள்ள நல்ல நடிப்பு நமக்குப் பழக்கித் தருகிறது. அந்தப் பழக்கம் வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் ரொம்பவே உதவும்.

பாட்டிக்கு ஹிந்தி தெரியாது, பேரனுக்குத் தமிழ் சரளமில்லை என்ற நிலை இன்று நம் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. அடுத்த லீவில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து ‘கோஷிஷ்’ போட்டுக் காட்டுங்கள். நடுவில் நீங்கள் எதுவும் பேச வேண்டாம்.